புகை மறைக்காத திகதி

நல்லரத்தினம் செத்துப்போன செய்தியைவிட அவருடைய கண்ணீர் அஞ்சலி வீடியோ வேகமாக ஓடியது. பிரேதம் மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் டொக்டருக்காகக் காத்துக் கிடந்த நேரத்திலேயே, சுவிஸிலும் லண்டனிலும் இருந்த சொந்தக்காரர்கள் அதைப் பார்த்து அழுது, கும்பிட்ட கைகளை வரிசையாகப் போட்டு, அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

உதயரூபனுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. துப்பறியும் வேலைக்கு வருமுன் அவன் கல்யாண வீடுகளில் வீடியோக்காரனுக்கு லைட் பிடித்தவன். இப்போது செத்தவீட்டையும் வெளிநாட்டுச் சொந்தங்களுக்காக நேரலையாகக் காட்டுகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு சின்னத் துண்டு ஓட வேண்டும். கறுப்புத் திரை, புகை, தீபம், வட்டத்துக்குள் படம், பெயர், பிறந்த திகதி, இறந்த திகதி. தொழிலில் அதற்கு இன்ட்ரோ என்று பெயர். இன்ட்ரோ வராத சாவை வெளிநாட்டில் யாரும் சாவென்று கணக்கெடுப்பதில்லை என்பது உதயரூபனுடைய கட்சி.

அந்த வியாழக்கிழமை காலை அவன் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. செத்தவரின் மகள் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

அவள் பெயர் ஆர்த்திகா. தேற்றாத்தீவிலிருந்து வந்திருந்தாள். வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை. திங்கட்கிழமை வாவியில் அப்பாவைப் பிணமாக எடுத்தார்கள். இன்று விடியும் முன்னே, அப்பாவைக் கொன்றது நீதான் என்று புருஷன் ரதீஸைப் பொலிஸ் கொண்டுபோய்விட்டது. ஒரே கிழமையில் ஒருத்திக்கு இவ்வளவும் நடக்குமா என்று உதயரூபன் நினைத்தான்.

"நாளைக்கு கோட்டில ஏத்துவாங்களாம் மிஸ்," என்றாள். "ஏத்திட்டா மறுகா எப்ப வருவாரெண்டு தெரியா. புள்ள பிறக்கக்குள்ள அவர் உள்ளுக்குத்தான் இரிப்பார்."

'மிஸ்' என்று அவள் கூப்பிட்டது ஸுஹைனாவை. ஸுஹைனா முஸ்லிம் ஊரான காத்தான்குடிக்காரி. பல வருஷம் ஒரு காப்புறுதிக் கம்பனிக்காக விபத்துகளை விசாரித்து, பொய் சொல்கிற வீடுகளில் தேத்தண்ணி குடித்தே பழகியவள். கம்பனியை விட்ட பிறகு டவுனில் ஒரு ஃபென்சிக் கடைக்கு மேல்மாடியில் சொந்தமாக அறை எடுத்தாள். துப்பறியும் நிலையம் என்று போர்ட் போட்டால் பக்கத்துக் கடைக்காரர்களே பயப்படுவார்கள் என்பதால், போர்டில் 'காப்புறுதி ஆலோசனை' என்று மட்டும் இருந்தது.

"ரதீஸ் கொல்லல்ல எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டாள் ஸுஹைனா.

"அவர் வாயால மட்டும்தான் கொல்லுவார் மிஸ்."

அதுதான் சிக்கலே. நல்லரத்தினம் மீனவர் சங்கத் தலைவர். தடை செய்த தங்கூசி வலையை மருமகனே போட்டபோது, தோணியிலிருந்து அதை இழுத்தெடுத்து ஊர் பார்க்க வெட்டிப் போட்டார். "உன்ன ஆத்துக்குள்ள அமத்தாட்டிப் பாரு" என்று ரதீஸ் கத்தியதை ஊர் முழுக்கக் கேட்டது. ஆகவே, தோணி கவிழ்ந்ததால் வந்த சாவில்லை, பின்மண்டையில் அடி இருக்கிறது என்று டொக்டர் எழுதியதும் பொலிஸ் வேறு எங்கும் தேடவில்லை.

ஆர்த்திகாவுக்குப் பக்கத்தில் அவளுடைய அண்ணன் குகதாசன் நின்றான். கதிரை, பந்தல், சவுண்ட் எல்லாம் வாடகைக்குக் கொடுக்கிற தொழில். தங்கச்சிக்குத் தண்ணீர்ப் போத்தலும் சாய்ந்து உட்கார ஒரு தலையணையும் தன் வான் வண்டியிலிருந்து அவனே தூக்கிக்கொண்டு வந்திருந்தான். எல்லாவற்றையும் முன்கூட்டி யோசித்து வைக்கிற ஆள் என்று பார்த்ததுமே தெரிந்தது. இப்படி ஒரு அண்ணன் தனக்கு இல்லையே என்று உதயரூபன் கொஞ்சம் பொறாமைகூடப் பட்டான்.

"அப்பாட சாவால ஆருக்கு லாபம்?" என்றாள் ஸுஹைனா.

குகதாசன்தான் பதில் சொன்னான். "ஆத்தோரம் ஒரு தென்னந்தோட்டம் இரிக்கு மிஸ். ஹோட்டல்காரர் கேட்டுக்கொண்டு திரியுறாங்க. சுவிஸில இரிக்கிற சித்தப்பா விக்கச் சொல்லி ஒரே சண்டை. அப்பா விடல்ல. எங்கட பக்கத்து வழக்கம் தெரியும்தானே, காணி வளவு பொம்புளப் புள்ளைக்குத்தான். புதன்கிழம தங்கச்சிட பேருக்கு எழுதுறதாத்தான் இரிந்தது."

"உங்களுக்கு?"

"எனக்கென்னத்துக்கு மிஸ். என்ர தொழில் ஓடுது." குகதாசன் தங்கச்சியின் தலையைத் தடவினான். "கீழ வானைப் பிழையான இடத்தில விட்டுட்டு வந்திட்டன். பாத்திட்டு வாறன்."

அவன் இறங்கிப் போனதும் ஆர்த்திகா போனை மேசையில் வைத்தாள். "இந்த வீடியோவையும் சித்தப்பாதான் சுவிஸில இருந்து சொல்லிச் செய்விச்சவராம். அண்ணன் சொன்னார். அப்பாவ வீட்ட கொண்டு வர முதலே என்ர போனுக்கு வந்திட்டு மிஸ். திங்கட்கிழம அஞ்சு மணி போல நான் ஆஸ்பத்திரி வாசல்ல நிண்டு பாத்தன்."

வீடியோ ஓடியது. கறுப்புத் திரையில் வெள்ளைப் புகை ஊர்ந்தது. புகைக்குள்ளிருந்து நல்லரத்தினத்தின் முகம் வந்தது. படிய வாரிய தலை, வெள்ளைச் சட்டை, வாய் நிறையச் சிரிப்பு. கீழே பெயர். ஒரு பக்கம் 'மலர்வு' என்று பிறந்த திகதி. மறுபக்கம் 'உதிர்வு' என்று திங்கட்கிழமைத் திகதி. அதற்கும் கீழே, 'தோணி கவிழ்ந்து அகால மரணம்'. கடைசியில் செய்து கொடுத்த கடையின் அடையாளம்: ஸஃபா டிஜிட்டல், காத்தான்குடி.

"அப்பா இப்பிடிச் சிரிச்சு வேற ஒரு படமும் இல்ல," என்று ஆர்த்திகா திரையை விரலால் தொட்டாள். தொட்டதும் வீடியோ நின்றது. அவள் பயந்து கையை எடுத்தாள்.

"இன்னொருக்காப் போடுங்க," என்றாள் ஸுஹைனா. பிறகு இன்னொரு முறை. பிறகு போனை உதயரூபன் பக்கம் தள்ளினாள். "ரூபன், நீங்க லைட் பிடிச்ச ஆள்தானே. புகையை மட்டும் பாருங்க."

அவன் பார்த்தான். புகை இடமிருந்து வலமாகப் போனது. நல்லரத்தினத்தின் பெயருக்கு மேலால் தவழ்ந்து, எழுத்துகளை மங்கலாக்கி, விலகியது. 'மலர்வு' மேலும் அப்படியே. 'உதிர்வு' இருந்த இடத்துக்கு வந்ததும் புகை அந்த எழுத்துக்குப் பின்னால் போனது. திகதி கொஞ்சமும் மங்கவில்லை. எழுத்தின் வடிவமும் வேறு. கல்யாண அட்டை, நோட்டீஸ், கோயில் பனர் எல்லாவற்றிலும் இருக்கிற பாமினி எழுத்தில்தான் பெயர் இருந்தது. 'உதிர்வு' உருண்டையாக, வேறு ஜாதி எழுத்தில் இருந்தது. 'தோணி கவிழ்ந்து' என்ற வரியும் அதே உருண்டை எழுத்து.

"செத்த திகதிக்குக் கிட்டப் போகப் புகையே பயப்பிடுது மிஸ்," என்றான்.

ஆர்த்திகாவுக்கு முன்னால் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் கோபப்படவில்லை. "அதால என்ன தெரியுது அண்ணா?" என்று மட்டும் கேட்டாள்.

"இன்னும் ஒண்டும் தெரியா," என்றாள் ஸுஹைனா. "பின்னேரம் வாங்க. தெரிஞ்சிட்டு இரிக்கிறன்."

கல்லடிப் பாலத்தில் ஓட்டோவை ஓட்டிக்கொண்டே உதயரூபன் சுவிஸ் சித்தப்பாவை வாய்ப்பேச்சிலேயே தூக்கில் போட்டுவிட்டான். காணி ஆசை, தூரம், கையில் காசு. ஊரில் ஒருத்தனை ஏவிவிட்டுப் பனியில் உட்கார்ந்து அழுகிற ஆள். ஸுஹைனா பின்னால் இருந்து கேட்டுக்கொண்டு வந்தாள். பாலத்துக்குக் கீழே தோணிகள் நின்றன. நல்லரத்தினம் இறால் பார்க்கப் போனதும் இப்படி ஒரு சின்னத் தோணியில்தான்.

ஸஃபா டிஜிட்டல் ஒரு ஒடுக்கமான கடை. சொந்தக்காரனும் வேலைக்காரனும் இல்ஹாம் ஒருத்தன்தான். மேசையில் பக்கமூடி கழன்ற ஒரு பெரிய பழைய கொம்பியூட்டர் இருந்தது. அதன் குடலுக்கு நேராக ஒரு மேசை விசிறி ஓடியது. பக்கத்தில் வெள்ளி நிறத்தில் ஒரு அப்பிள் லெப்டொப். கட்டாரிலிருந்து தன் அண்ணன் கொண்டுவந்து கொடுத்தது என்று இல்ஹாம் பெருமையாகச் சொன்னான்.

நல்லரத்தினத்தின் பெயரைக் கேட்டதும் பெருமை போய்விட்டது.

"சாதாரண வேலைதான் ராத்தா. சுவிஸில இருந்து ஓடர் வந்தது. படம் வந்தது. செஞ்சி குடுத்தன். வட்ஸ்அப்புக்கு ஒண்டு, நேரலைக்கு ஒண்டு, வீட்டு டிவியில போடப் பென்டிரைவுக்கு ஒண்டு. மூணுக்கும் மூணு விதமா மாத்தித்தான் குடுக்கணும். ஒண்டுக்குச் செஞ்சது மத்ததில ஓடாது."

"எப்ப செஞ்ச?"

"மையத் கிடைச்ச பொறகுதான். திங்கட்கிழம பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பொறகு."

"திங்கட்கிழம காலையில இருந்து பொழுது பட்டு மஃரிப் வரைக்கும் கரண்ட் இல்லயே தம்பி. லைன் வேலை."

இல்ஹாம் தயாராக வைத்திருந்த பதிலைச் சொன்னான். "இந்த லெப்டொப்பிலதான் செஞ்சன். பேட்டரி இரிக்கி. இது சரியான ஸ்பீட். அந்தக் கிழடு எண்டா ஒரு இன்ட்ரோ எடுக்க ஒரு ராவு வேணும்."

"அப்ப இதில தொறந்து காட்டு."

"ராத்தா?"

"நீ செஞ்ச வேலையை நீ செஞ்ச மெஷினில தொற. வேற ஒண்டும் கேக்கல்ல."

ஸுஹைனாவின் பேச்சு ஓஃபிசில் இருப்பது போல இல்லை. காத்தான்குடிக்குள் வந்தால் அவள் நாக்கு வீட்டுக்குத் திரும்பிவிடும். அது நல்லதற்கா கெட்டதற்கா என்று உதயரூபனால் எப்போதும் சொல்ல முடிந்ததில்லை.

இல்ஹாம் பென்டிரைவில் இருந்த வேலைக் கோப்பைத் திறந்தான். புகை வந்தது. முகம் வந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் தாறுமாறாக நின்றன.

உதயரூபன் குனிந்து வாசித்தான். "ஈ, வை, அரைப்புள்ளி, வை, யூ, ஜே… ஆள் சுவிஸில குடியுரிமை எடுத்திட்டார் போல."

யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கே சிரிப்பு வரவில்லை.

"பாமினி இந்த லெப்டொப்பில இல்ல," என்றாள் ஸுஹைனா. "பெரிய கொம்பியூட்டரில பாமினியில எழுதினத இஞ்ச தொறந்தா இப்பிடித்தான் கிறுக்கும். அப்ப பேர், மலர்வு, புகை எல்லாம் நீ அந்தக் கிழட்டில செஞ்ச. 'உதிர்வு' மட்டும் இந்த லெப்டொப்பிர எழுத்து. முழுசா முடிஞ்ச வீடியோவுக்கு மேல பொறகு ஒட்டினதாலதான் புகை அதுக்குப் பின்னால போகுது. சரியா?"

இல்ஹாம் லெப்டொப்பை மூடினான்.

"கிழட்டுக்குக் கரண்ட் வேணும். ஒரு ராவும் வேணும். திங்கள் பகல் முழுக்கக் கரண்ட் இல்ல. கரண்ட் வர முதலே வீடியோ ஆர்த்திகாட போனுக்குப் போயிட்டு. நீ செல்லு தம்பி. கிழடு எந்த ராவு வேலை செஞ்சிச்சு?"

விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பதிலை முதலில் கண்டுபிடித்தது உதயரூபன்தான். ஞாயிற்றுக்கிழமை இரவு. நல்லரத்தினம் தேற்றாத்தீவில் தன் வீட்டில், தன் பாயில், குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்த இரவு. அவர் மூச்சு விட்டுக்கொண்டிருக்க, இங்கே அவர் முகத்தைச் சுற்றி இந்தக் கிழட்டு இயந்திரம் விடிய விடியப் புகை போட்டிருக்கிறது.

இல்ஹாம் கதிரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

"ஆள் ஐ.சி.யூவில இரிக்காரு, டொக்டர்மார் கைவிட்டுட்டாங்க எண்டு செல்லிச்சு போனில வந்த குரல். நாங்க செய்யிறதுதான் ராத்தா. கடுமையான வருத்தக்காரருக்கு முன்னுக்கே செஞ்சி வெப்பம். உதிர்வை மட்டும் வெறுமையா விடுவம். மவுத்தான பொறகு திகதிய ஒட்டுவம். வெளிநாட்டுக்காரங்களுக்கு உடனே வேணும். நாளைக்குக் கரண்ட் இல்ல, இண்டைக்கே முடி எண்டுது. முடிச்சன். திங்கட்கிழம பின்னேரம் திகதியும் அந்த வரியும் மெசேஜில வந்தது. ஒட்டி அனுப்பினன். பொறகு பேஸ்புக்கில பாத்தா, ஆள் ஆஸ்பத்திரியிலயே இருக்கல்ல. ஆத்தில கிடந்து எடுத்திரிக்காங்க."

"அந்த நம்பர்?"

"வேலை செய்யல்ல. அனுப்பின மெசேஜ் எல்லாத்தையும் அங்கால இருந்தே அழிச்சிட்டாங்க."

"ஏன் பொலிஸுக்குப் போகல்ல?"

இல்ஹாம் நிமிர்ந்தான். கண் சிவந்திருந்தது. "எப்பிடிப் போற ராத்தா? தமிழ் ஊர்ல ஒரு பெரிய மனுசன் செத்திரிக்கார். காத்தான்குடிப் பொடியன் ஒருத்தன் முதல் நாளே அவர்ர அஞ்சலி வீடியோவச் செஞ்சி வெச்சிருந்தான். இத ஆர் கேட்டாலும் என்ன நினைப்பாங்க? இந்தக் கடையோட நிக்குமா?"

உதயரூபன் ஓட்டோச் சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுடைய தமிழ் ஊரும் அப்படித்தான் நினைக்கும். அவனுக்கு அது நன்றாகத் தெரியும்.

"அதத்தான் அவனும் நினைச்சான்," என்றாள் ஸுஹைனா. "மட்டக்களப்பு டவுனில இல்லாத ஸ்டூடியோவா? தேடி எங்கட ஊர்க் கடைக்கு வந்திரிக்கான். பயத்தில வாய் தொறக்க மாட்டாங்க எண்டு கணக்குப் போட்டு. நீ மூடிக்கொண்டு இரிந்தா அவன்ட கணக்குச் சரி. ஒரு புள்ளத்தாச்சிர புருஷன் நாளைக்கு உள்ளுக்குப் போவான். நீ வா. பொலிஸில உனக்குப் பக்கத்தில நான் இரிப்பன். நீ வாக்குமூலம் குடுத்து முடியும் வரைக்கும் எழும்ப மாட்டன்."

பிறகு கேட்டாள்: "அந்தக் குரல் கதைக்கக்குள்ள வேற ஏதும் கேட்டிச்சா?"

"லைன் கரகரப்பு." இல்ஹாம் மூக்கைத் துடைத்தான். "வேற… நான் அண்டைக்குப் பசியோட இரிந்தன். கதைச்சிட்டு இரிக்கக்குள்ள பாண் ஓட்டோ பாட்டுக் கேட்டிச்சு. காசை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினன். ரோட்டில ஒண்டுமில்ல."

உதயரூபன் மெல்லத் திரும்பினான். பின்னேரமானால் ஊர் ஊராக பேக்கரிப் பாண் விற்று வருகிற ஓட்டோவின் அந்த ஒரே மெட்டு, இலங்கையில் பசித்த எவனுக்கும் பாடம்.

"மிஸ், சுவிஸில பாண் ஓட்டோ ஓடுதா?"

"ஓடாது ரூபன்."

"அப்ப நான் சித்தப்பாவத் தூக்கில இருந்து இறக்கிறன்."

ஸுஹைனா பெரிய கொம்பியூட்டரைக் காட்டினாள். "மெசேஜ் அழிஞ்சாலும் அந்தப் படம் இதுக்குள்ள இரிக்கும்தானே. வட்டத்துக்குள்ள வெட்ட முதல் வந்த முழுப்படம்."

இல்ஹாம் அதைத் திறந்தான். வீடியோவில் முகமும் தோளும்தான் தெரிந்தன. முழுப்படத்தில் நல்லரத்தினம் முற்றத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். வலக்கையில் முக்கோணமாக, மீன் அடைத்த ஒரு மாலுபாண். ஒரு கடி கடித்திருந்தது. சின்னப் பிள்ளை போலச் சிரித்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது இல்ஹாம் பின்னால் ஸுஹைனாவுக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். பொலிஸ் பொறுப்பதிகாரிக்குப் போன் எடுத்து, மூன்று மணிக்குப் பிறகு தன் ஓஃபிசுக்கே வரும்படி அவள் சொன்னாள். எதற்கு என்று சொல்லவில்லை.

"ஒண்டு விளங்கல்ல மிஸ்," என்றான் உதயரூபன் கண்ணாடியில் பார்த்து. "ஆளக் கொல்லப் போறவன் முதல் நாளே இன்ட்ரோ செய்விப்பானா? இவ்வளவு முட்டாளா?"

"முட்டாளில்ல. கெட்டிக்காரன். புதன்கிழம தோட்டம் எழுத முதல் ஆள் போகணும், எழுதினா அவனுக்குப் பங்கில்ல. இன்ட்ரோ எடுக்க ஒரு ராவு வேணுமெண்டு அவனுக்குத் தெரியும். திங்கள் கரண்ட் போகும் எண்டும் தெரியும். டொக்டர் வாய் திறக்க முதல், தோணி கவிழ்ந்தது எண்ட கதை எல்லாச் சொந்தக்காரர்ர போனுக்கும் போயிரணும். எல்லாரும் அழுது முடிஞ்ச பிறகு ஆர் சந்தேகப்படுவாங்க? அது மட்டுமில்ல ரூபன். பழக்கம். கல்யாண வீடோ செத்தவீடோ, ஒரு வேலையையும் கடைசி நேரத்துக்கு விடாம முன்னுக்கே ஓடர் குடுத்துப் பழகின ஆள்."

உதயரூபனுக்குத் தண்ணீர்ப் போத்தலும் தலையணையும் ஞாபகம் வந்தன. அவன் ஓட்டோவின் வேகத்தைக் குறைத்தான். காலையில் தான் பட்ட பொறாமையை நினைக்க அவனுக்கு உடம்பு கூசியது.

ஆர்த்திகா பின்னேரம் தனியாகத்தான் படியேறி வந்தாள். அண்ணன் கீழே வானில் இருப்பதாகச் சொன்னாள். இல்ஹாமை ஸுஹைனா உள்ளறையில் திரைக்குப் பின்னால் உட்கார வைத்து, ஒரு கோப்பை தேத்தண்ணியும் கொடுத்திருந்தாள். பொலிஸ் இன்னும் வரவில்லை.

ஸுஹைனா சுற்றி வளைத்து எதுவும் பேசவில்லை. தன் போனில் இருந்த முழுப்படத்தை ஆர்த்திகாவுக்கு முன்னால் வைத்தாள்.

ஆர்த்திகாவின் முகம் அந்தக் கிழமையில் முதல் தடவையாக மலர்ந்தது. "இது எங்கால மிஸ்? முழுசா இரிக்கே. எனக்கு அனுப்பி விடுங்க."

"அனுப்புறன். ஆர் எடுத்த?"

"அண்ணன்தான். அவர்ர போனில."

"எப்ப?"

"அந்த ஞாயித்துக்கிழம பின்னேரம். நான் அப்பாக்குச் சோறு கொண்டு போயிரிந்தன். அண்ணன் ஒரு நாளும் இல்லாம அண்டைக்கு வந்தார். பாண் ஓட்டோவ மறிச்சு அப்பாக்கு மாலுபாண் வாங்கினார். அப்பாக்கு அது எண்டா உயிர். பிறகு பாண் ஓட்டோக்குப் பக்கத்திலயே நிண்டு ஆரோடயோ கனநேரம் போன்ல கதைச்சார். வந்து, அப்பா, ஒரு படம் எடுப்பம், நல்ல சட்டை ஒண்டு போட்டுக்கொண்டு வாங்க எண்டார்…"

அவள் சொல்லிக்கொண்டே போனாள். உதயரூபன் அவளை நிறுத்த நினைத்தான். காதைப் பொத்திக்கொள்ள நினைத்தான். ஸுஹைனா கையை உயர்த்தி அவனைத் தடுத்தாள்.

"அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அண்ணன்தான் சொன்னார், இன்னும் கொஞ்சம் சிரிங்க அப்பா எண்டு…"

பேச்சு மெதுவானது. அவள் படத்தைப் பார்த்தாள். போனைத் தன் பக்கம் இழுத்து, காலையில் காட்டிய வீடியோவைத் தானே போட்டாள். அதே சட்டை. அதே சிரிப்பு. புகை.

"மிஸ்," என்றாள். "இத எப்ப செஞ்சதாம்?"

ஸுஹைனா காப்புறுதிக் கம்பனிக்காக எத்தனையோ வீடுகளில் கெட்ட செய்தி சொன்னவள். இந்த ஒன்றைச் சொல்லக் கதிரையை ஆர்த்திகாவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"அண்டைக்கு ராவு, ஆர்த்திகா. அப்பா படுத்திரிக்கக்குள்ள."

ஆர்த்திகா அழவில்லை. இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். உதயரூபன் அவளுக்குத் தண்ணீர் கொடுக்க எழுந்தான். மேசையில் இருந்தது குகதாசன் காலையில் கொண்டுவந்து வைத்த போத்தல். அதை எடுக்க அவனுக்குக் கை வரவில்லை.

தெருவில் பாண் ஓட்டோவின் பாட்டுக் கேட்டது. வந்து, கீழே நின்று, கொஞ்ச நேரம் பாடி, மறுபடியும் நகர்ந்தது.

பிறகு படிகளில் செருப்புச் சத்தம். குகதாசன் கதவைத் திறந்தான். கையில் ஒரு கடுதாசிப் பை.

"என்ன மிஸ், ஏதும் சரிவந்திச்சா?" என்றவன் தங்கச்சியிடம் திரும்பினான். "காலையில இருந்து ஒண்டும் தின்னாம இரிக்காய். மாலுபாண் சூடா இரிந்தது, வாங்கினன்."

உள்ளறையில் கோப்பை விழுந்து உடைந்தது. திரை விலகி, இல்ஹாம் வெளுத்த முகத்தோடு நின்றான். "ராத்தா, இந்தக் குரல்தான்," என்றான். குகதாசன் அவனைப் பார்த்தான். அவனை இதற்கு முன் கண்டதில்லை என்றாலும், யாரென்று புரிந்தது முகத்தில் தெரிந்தது. உதயரூபன் போய்க் கதவை மூடி, அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றான். கீழே ஜீப் ஒன்று வந்து நின்றது.

ஆர்த்திகா எழுந்து அண்ணனுக்கு முன்னால் வந்தாள். அவன் கையில் இருந்த பையை ஒரு தடவை பார்த்தாள்.

"அண்ணன்," என்றாள். "ஞாயித்துக்கிழம படம் எடுக்க முதல், அப்பாட தலை கலைஞ்சிரிக்கு, வடிவா சீவி விடு எண்டு என்னட்டச் சொன்னீங்க. சீப்பை எடுத்துத் தந்ததும் நீங்கதான்."

அவன் பையை மேசையில் வைத்தான்.

"நான்தானே சீவி விட்டன்."